டிஸ்க் மாறிய காலத்து விமர்சனப் பிரதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவிடிக்கு அடுத்த வாரிசு யார் என்று எச்டி டிவிடியும் ப்ளூ-ரேயும் மோதிக்கொண்ட 2006 முதல் 2008 வரையிலான காலத்தில் அமெரிக்காவில் இருந்துகொண்டு டிஸ்க் விமர்சனம் எழுதியவன் நான். புதிதாக டிஸ்க் விமர்சனம் எழுத வருகிறவர்களும், பழைய டிஸ்க் வாங்குவதற்கு முன் அந்தக் காலத்து விமர்சனங்களைத் தேடிப் படிக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பச் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றை ஒரே இடத்தில் வைக்கிறேன்.

விமர்சனப் பிரதி என்பது என்ன? ஆஸ்கர் சமயத்தில் பேசப்படும் ஸ்கிரீனரும் இதுவும் ஒன்றுதானா?

இரண்டும் வேறு. விருதுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் வீட்டிலிருந்தே படத்தைப் பார்க்கட்டும் என்று அனுப்புவது ஸ்கிரீனர். பெரும்பாலும் படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது வந்துவிடும். அதில் மதிப்பிட வேண்டியது படம். விமர்சனப் பிரதியோ, படம் வீட்டு வீடியோவாகக் கடைக்கு வரப்போகும் நேரத்தில் டிஸ்க் விமர்சகர்களுக்கு வருவது. அதில் மதிப்பிட வேண்டியது டிஸ்க். படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, ஒலி எப்படி, கூடுதல் அம்சங்கள் என்னென்ன, காசு கொடுத்து வாங்கலாமா என்பதைச் சொல்வதுதான் நம் வேலை.

அனுப்புவது ஸ்டூடியோவின் வீட்டு வீடியோ பிரிவு, இல்லையென்றால் அதற்காக வேலை செய்யும் விளம்பர நிறுவனம். அமெரிக்காவில் புது டிஸ்குகள் செவ்வாய்க்கிழமைதான் கடைக்கு வரும். ஒரு வாரம் முன்னால் உறை கைக்கு வந்தால் நிதானமாகப் பார்த்து எழுதலாம். திங்கட்கிழமை சாயங்காலம் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான்.

ஸ்கிரீனர் கதையில் ஒரு விஷயத்தை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். 2003 செப்டம்பர் கடைசியில், திருட்டுப் பிரதிக்குப் பயந்து, அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கத் தலைவர் ஜாக் வாலன்டி ஸ்கிரீனர்களுக்கே தடை போட்டார். எதிர்ப்பு கிளம்பியதும், ஆஸ்கர் அகாடமி உறுப்பினர்களுக்கு மட்டும் விஎச்எஸ் கேசட்டில் அனுப்பலாம் என்று இறங்கி வந்தார்கள். டிவிடி வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம் அது. அப்போது கேசட்டுக்குத் திரும்பினார்கள். அந்த டிசம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தடையை நிறுத்தி வைத்தது. எந்த வடிவத்தில் அனுப்புவது என்பதில் ஸ்டூடியோவின் பயமும் நம்பிக்கையும் சேர்ந்தே இருக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். விமர்சனப் பிரதிக்கும் இது பொருந்தும்.

அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

2006 ஏப்ரல் 18-இல் அமெரிக்காவில் எச்டி டிவிடி வந்தது. டோஷிபாவின் முதல் பிளேயர் 499 டாலர். ஜூன் 20-இல் முதல் ப்ளூ-ரே படங்கள் வந்தன. சாம்சங்கின் முதல் பிளேயர் 999 டாலர். ஸ்டூடியோக்களில் யுனிவர்சல் எச்டி டிவிடிக்கு மட்டும் படம் கொடுத்தது. சோனி, ஃபாக்ஸ், டிஸ்னி, லயன்ஸ்கேட் நான்கும் ப்ளூ-ரே பக்கம். வார்னரும் பாராமவுண்டும் இரண்டிலும் வெளியிட்டன. 2007 ஆகஸ்டில் பாராமவுண்ட் ப்ளூ-ரேயைக் கைவிட்டு எச்டி டிவிடிக்கு மட்டும் என்று மாறியது. 2008 ஜனவரி 4-இல் வார்னர் ப்ளூ-ரேக்குப் போனது. பிப்ரவரி 19-இல் டோஷிபா எச்டி டிவிடியை நிறுத்துவதாக அறிவித்தது. அவ்வளவுதான் சண்டை. இரண்டு ஆண்டுகூட முழுதாக ஓடவில்லை.

எந்த வடிவத்தில் பிரதி அனுப்புவது என்று யார் முடிவு செய்தார்கள்?

ஸ்டூடியோதான். நாம் கேட்கலாம். கேட்டதே கிடைக்கும் என்று எண்ணக் கூடாது.

அப்போது பெரும்பாலான பத்திரிகைகளுக்கு டிவிடிதான் போனது. அவர்கள் வாசகர்களின் வீட்டில் இருந்ததும் அதுதான். புது வடிவங்களின் பிரதிகள் எண்ணிக்கையில் குறைவு, தயாராவதும் தாமதம். அதனால் வீட்டுத் திரையரங்கு பற்றியே எழுதுகிற ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் அவை வந்தன. 999 டாலர் கொடுத்து முதல் ஆளாகப் பிளேயர் வாங்கியவர்கள் எங்கள் எழுத்தைப் பார்த்துத்தான் அடுத்த 25, 30 டாலரைச் செலவழித்தார்கள். அந்தப் பொறுப்பு எங்கள் தலைமேல் இருந்தது என்பதை நான் இன்றும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2007-இல் ஒரு படத்தின் ப்ளூ-ரே பிரதியைக் கேட்டிருந்தேன். உறை வந்தது. உள்ளே காகிதப் பையில் டிவிடி. கூடவே இரண்டு பக்கச் செய்திக்குறிப்பு, அதில் ப்ளூ-ரேயின் எல்லா விவரமும் இருந்தது: 1080பி (முழு 1080 கோடுகள் கொண்ட படம்), சுருக்கம் இல்லாத ஒலி, கூடுதல் அம்சங்களின் பட்டியல். அட்டைப் படமும் ப்ளூ-ரேக்குரிய நீல விளிம்போடு அனுப்பியிருந்தார்கள். டிவிடியைப் பார்த்துவிட்டு, குறிப்பில் இருந்ததை எடுத்துப் போட்டால் ஒரு 'ப்ளூ-ரே விமர்சனம்' அரை மணி நேரத்தில் தயார். அப்படி எழுதியவர்கள் இருந்தார்கள். நான் டிவிடிக்கு விமர்சனம் எழுதி, தலைப்பிலேயே டிவிடி என்று போட்டேன். தலைப்பில் ப்ளூ-ரே என்றும் சேர்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. முடியாது என்று நானும் மரியாதையாகவே எழுதினேன். அடுத்து வந்த இரண்டு படங்களுக்கு அங்கிருந்து எனக்கு உறை வரவில்லை. கடையில் வாங்கிப் பார்த்து எழுதினேன்.

படம் ஒன்றுதானே! டிவிடியைப் பார்த்துவிட்டு ப்ளூ-ரே பற்றி எழுதினால் என்ன தப்பு?

கதையைப் பற்றி எழுதுங்கள், தப்பே இல்லை. டிஸ்கைப் பற்றி எழுதினால் பொய்.

அமெரிக்க டிவிடியில் ஒரு ஃபிரேமுக்கு 720-க்கு 480 புள்ளிகள். ப்ளூ-ரேயிலும் எச்டி டிவிடியிலும் 1920-க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஆறு மடங்கு. டிவிடியில் ஒரு முகம் நன்றாக இருக்கிறது என்றால், அதே முகம் ப்ளூ-ரேயில் எப்படி இருக்கும் என்று அதிலிருந்து சொல்லவே முடியாது. டிவிடிக்காகச் செய்த பழைய டிரான்ஸ்ஃபர்களில், அதாவது ஃபிலிமை வீடியோவாக மாற்றிய பதிவுகளில், விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மையாக்குவது வழக்கம். சின்னத் திரையில் அது 'பளிச்' என்று தெரியும். அதே மாஸ்டரை, அதாவது மூலப் பிரதியை, எடுத்துப் புது டிஸ்கில் போட்டுப் பெரிய திரையில் ஓட்டினால், கறுப்புச் சட்டை போட்டவரின் தோளைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடும். டிவிடியில் பாராட்டு வாங்கிய அதே வேலைக்குப் புது வடிவத்தில் திட்டு விழும். தலைகீழாகவும் நடக்கும். டிவிடியில் பூச்சி பறப்பதுபோல் இருந்த ஃபிலிமின் மணிகள் ப்ளூ-ரேயில் ஒழுங்காக, ஃபிலிமாகவே தெரியும்.

ஒலியிலும் அப்படித்தான். டிவிடியில் டால்பி டிஜிட்டல் பெரும்பாலும் நொடிக்கு 448 கிலோபிட். சுருக்கம் இல்லாத பிசிஎம் ஒலி அதைப் போலப் பத்து மடங்கு இடம் பிடிக்கும். மழைச் சத்தத்தில் அந்த வேறுபாட்டைக் காதே சொல்லிவிடும்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. ஒரு வடிவம் போய் இன்னொன்று வரும்போது வாங்குகிறவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: 'என்னிடம் டிவிடி இருக்கிறதே, இதை மறுபடி வாங்கத்தான் வேண்டுமா?' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு டிஸ்கையும் பார்த்திருக்க வேண்டும். செய்திக்குறிப்பு அதற்குப் பதில் சொல்லாது.

எச்டி டிவிடி, ப்ளூ-ரே இரண்டிலும் ஒரே படம் வந்தால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கும் எழுதலாமா?

இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். வார்னர் பல படங்களுக்கு ஒரே விசி-1 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) கோப்பை இரண்டு வடிவத்திலும் போட்டது. எச்டி டிவிடியில் இரண்டு அடுக்குக்கு 30 ஜிபி, ப்ளூ-ரேயில் 50 ஜிபி. ஆனால் படம் 30-க்குள் அடங்கும்படி செய்யப்பட்டதால், காட்சியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அதுவரைக்கும் சரி.

ஒலியும் அம்சங்களும் அப்படி இல்லை. எச்டி டிவிடிப் பிளேயர் ஒவ்வொன்றிலும் இரண்டாவது வீடியோவைப் படத்தின் மேலேயே சின்னக் கட்டத்தில் காட்டும் வசதியும், இணையத்தில் இணைக்கும் துளையும் கட்டாயம். ப்ளூ-ரேயின் முதல் பிளேயர்களில் இவை இல்லை. இரண்டாவது வீடியோ வசதி 2007 நவம்பர் முதல் வந்த புது மாடல்களுக்குத்தான் கட்டாயமானது. அதனால் இயக்குநர் ஓரமாக வந்து காட்சியை விளக்கும் அம்சம் ஒரு டிஸ்கில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. விலை மட்டும் ஒன்றாகவே இருக்கும். எச்டி டிவிடி பிரதியைப் பார்த்து 'கூடுதல் அம்சங்கள் பிரமாதம்' என்று எழுதியதை நம்பி ஒருவர் ப்ளூ-ரே வாங்கினால், அவர் ஏமாந்ததற்கு நாம்தான் காரணம்.

'செக் டிஸ்க்' என்கிறார்களே, அது எப்படி இருக்கும்?

முடிந்த டிஸ்க் அச்சாகி வருவதற்கு முன், சரிபார்ப்பதற்காகக் கணினியில் பதிவு செய்கிற, அதாவது 'எரிக்கிற', டிஸ்க் அது. திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தொழிற்சாலையில் அச்சான டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி. எரித்த டிவிடி ஊதாவாக மின்னும். மேலே மார்க்கரில் கையெழுத்து, இல்லையென்றால் ஒரு வெள்ளை லேபிள். ஓட்டினால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையின் அடியில் 'விற்பனைக்கு அல்ல' என்ற வகையில் ஒரு வரி வந்து போகும். மெனு பாதியில் நிற்கலாம். சப்டைட்டில் இல்லாமலும் இருக்கலாம்.

இதை வைத்து டிஸ்கின் தரத்தை எழுதாதீர்கள். கடைக்குப் போகும் பிரதியில் வேறு கோப்பு இருக்கக்கூடும். செக் டிஸ்க்தான் கிடைத்தது என்றால் விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிட்டு, படத்தையும் கூடுதல் அம்சங்களையும் பற்றி மட்டும் எழுதுங்கள்.

பெட்டி இல்லாமல் வெள்ளி டிஸ்க் மட்டும் காகிதப் பையில் வந்தால் அது பெரும்பாலும் கடைப் பிரதியேதான். சந்தேகம் இருந்தால் ஒரு வழி உண்டு. டிஸ்கைச் சாய்த்து, நடு ஓட்டையைச் சுற்றி இருக்கும் கண்ணாடி போன்ற வளையத்தைப் பாருங்கள். அதில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். கடையில் வாங்கிய பிரதியிலும் அதே எண் இருந்தால் இரண்டும் ஒரே மாஸ்டரிலிருந்து வந்தவை. நான் இதைக் குறித்து வைக்க ஒரு நோட்டே போட்டிருந்தேன். பிறகு ஒரு படம் திருத்தி மறு அச்சில் வந்தபோது, நான் பார்த்தது பழைய அச்சு என்று சொல்ல அந்த நோட்டுதான் கைகொடுத்தது.

படத்தில் குறை தெரிந்தால் அது டிஸ்கின் குறையா, பிளேயரின் குறையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தக் காலத்தின் மிகக் கடினமான கேள்வி இதுதான். முதல் ப்ளூ-ரே விமர்சனங்கள் பல இதில் இடறின.

2006 ஜூனில் ப்ளூ-ரே வந்தபோது சந்தையில் இருந்தது ஒரே ஒரு பிளேயர், சாம்சங் பிடி-பி1000. படங்கள் மங்கலாக, மெழுகு பூசியதுபோல் இருந்தன. எல்லாரும் டிஸ்கைத் திட்டினார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பிளேயரின் சிப்பில் இரைச்சல் நீக்கும் வசதி போட்டபடியே விற்பனைக்கு வந்திருந்தது. கூர்மையை அது தின்றுகொண்டிருந்தது. அதற்காக டிஸ்குகள் எல்லாம் நன்றாக இருந்தன என்று ஆகிவிடாது. முதல் தொகுதியில் வந்த 'தி ஃபிஃப்த் எலிமென்ட்' எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையில், அழுக்கும் கீறலும் தெரிகிற டிரான்ஸ்ஃபரோடு வந்தது. சோனி 2007-இல் அதைப் புதிதாக மாஸ்டர் செய்து மறுபடி வெளியிட்டு, பழையதை வாங்கியவர்களுக்கு மாற்றியும் கொடுத்தது. ஆக, ஒரே வாரத்தில் வந்த விமர்சனங்களில் பாதிப் பழி பிளேயருக்கும் பாதிப் பழி டிஸ்குக்கும் போயிருக்க வேண்டும். ஒற்றைப் பிளேயரை வைத்துக்கொண்டு அதைப் பிரிக்க வழியே இல்லை. 2006-இன் பிற்பகுதியில் வேறு பிளேயர்களும், ப்ளூ-ரே ஓட்டும் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 3-உம் வந்த பிறகுதான் ஒரே டிஸ்கை இரண்டு பெட்டிகளில் போட்டு ஒப்பிட முடிந்தது.

ஓடவே ஓடாத டிஸ்குகளும் உண்டு. 2007 அக்டோபரில் ஃபாக்ஸ் 'பிடி பிளஸ்' என்ற, நகலெடுப்பதைத் தடுக்கும் கூடுதல் பூட்டோடு சில ப்ளூ-ரேக்களை வெளியிட்டது. சில பிளேயர்கள் அவற்றை ஏற்கவில்லை, புது ஃபர்ம்வேர் (பிளேயரை இயக்கும் உள் மென்பொருள்) வர வேண்டியிருந்தது. அப்போது ஃபர்ம்வேர் மாற்றுவது என்றால் வலைக் கம்பியைப் பிளேயர்வரை இழுக்க வேண்டும், அல்லது கோப்பை இறக்கிச் சிடியில் எரித்துப் போட வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் பிளேயரே போய்விடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அதனால் என் விமர்சனங்களின் அடியில் மூன்று விஷயங்களை எழுதிவந்தேன்: எந்தப் பிளேயர், எந்த ஃபர்ம்வேர், எந்தத் திரை. டோஷிபாவின் முதல் பிளேயர் '1080 ஐ' (கோடுகளை இரண்டு பாதியாகப் பிரித்து அனுப்பும் முறை) வரைதான் வெளியே அனுப்பும் என்பதால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. படிக்கச் சலிப்பாக இருக்கிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். இத்தனை ஆண்டு கழித்து அந்த விமர்சனங்களைத் தேடி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்த பிரதி நம் பிளேயரில் ஓடுமா?

டிவிடி என்றால் பிராந்தியக் குறியீட்டை, அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று காட்டும் எண்ணை, பாருங்கள். அமெரிக்கா 1. இந்தியாவும் இலங்கையும் 5. சிங்கப்பூரும் மலேசியாவும் 3. ப்ளூ-ரேயில் எழுத்து: அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா மூன்றும் ஏ, இந்தியாவும் இலங்கையும் சி. அதனால் அமெரிக்க ப்ளூ-ரே கோலாலம்பூரில் ஓடும், சென்னையில் வாங்கிய பிளேயரில் நிற்கலாம். ஆனாலும் எல்லா ஸ்டூடியோவும் பூட்டுவதில்லை. எச்டி டிவிடிக்குக் குறியீடே இல்லை. உலகத்தில் எங்கே வாங்கினாலும் ஓடும். அந்த ஒரு விஷயத்துக்காகவே அது பிழைத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

குறியீடு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2006 ஜனவரியில் ஓர் உதாரணம் கிடைத்தது. பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கு ஓட்டுப் போடுகிறவர்களுக்கு 'மியூனிக்' படத்தின் ஸ்கிரீனர்கள் போயின. அவற்றில் 2 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று போட்டுவிட்டார்கள். யார் வீட்டிலும் ஓடவில்லை.

இலவசமாக டிஸ்க் வாங்கிக்கொண்டு நேர்மையாக எழுத முடியுமா?

முடியும். டிஸ்க் இலவசமாக வந்தது என்று சொல்லிவிட வேண்டும். 2009 டிசம்பர் 1 முதல் அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதிகள் இதைத் தெளிவாகவே கேட்கின்றன. இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் இணையத்தில் எழுதுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் இப்படி ஒரு வழிகாட்டி கொண்டுவந்தது. இலவசப் பொருளும் அதில் அடங்கும்.

வடிவச் சண்டையின்போது 25 டாலர் டிஸ்கைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது, கட்சி சேர்வது. பாராமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்டி டிவிடி பக்கம் மாற 15 கோடி டாலர் மதிப்பில் சலுகைகள் பெற்றன என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தப் பணத்தில் ஒரு காசு எங்களுக்கு வரவில்லை. ஆனாலும் எங்களில் பலர் ஏதோ ஒரு பக்கத்தின் தொண்டர்கள்போல் ஆனோம். காரணம் எளிது. யார் வீட்டில் எந்தப் பிளேயர் இருந்ததோ அந்த வடிவத்தின் பிரதிகள் அவருக்கு வந்தன. பிரதிகள் வரவர அந்த வடிவம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையும் வந்தது. சொந்தக் காசில் இரண்டு பிளேயரையும் வாங்கி வைத்தவர்களின் எழுத்தில்தான் நிதானம் இருந்தது. புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது, முடிந்தவரை இரண்டு பக்கமும் பாருங்கள். முடியாவிட்டால் ஒரு பக்கம்தான் பார்த்தேன் என்று எழுதுங்கள்.

'விற்பனைக்கு அல்ல' என்று போட்டிருக்கிறதே, பார்த்து முடித்த பிரதியை விற்கலாமா?

அமெரிக்காவில் இதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. யுனிவர்சல் மியூசிக், 'விளம்பரத்துக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட சிடிக்களை விற்ற அகஸ்டோ என்பவர்மேல் வழக்குப் போட்டது. 2011 ஜனவரியில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கேட்காமலே தபாலில் அனுப்பி, திரும்பக் கேட்கவும் இல்லை, எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் இல்லை என்றால், அட்டையில் அச்சிட்ட வரி மட்டும் அதை இரவல் ஆக்கிவிடாது என்பது அதன் சாரம். பாட்டு சிடி பற்றிய வழக்குதான் அது. திருப்பித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு நீங்களாகக் கேட்டு வாங்கிய பிரதிக்கு இந்த நியாயத்தை இழுக்க முடியாது. மற்ற நாடுகளில் சட்டம் வேறு.

என் வழக்கம் வேறு. கடைக்கு வரும் நாளுக்கு முன்னால் எந்தப் பிரதியையும் யாருக்கும் இரவல்கூடக் கொடுத்ததில்லை. அதற்குப் பிறகு வேண்டாதவற்றை ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுவேன். விற்றதில்லை.

வார்னர் மாறிய பிறகு எச்டி டிவிடி பிரதிகள் நின்றுவிட்டனவா?

உடனே நிற்கவில்லை. 2008 ஜனவரி 4 வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. அடுத்த வாரம் லாஸ் வேகஸில் தொடங்கவிருந்த மின்னணுக் கண்காட்சியில் எச்டி டிவிடி கூட்டணி தன் செய்தியாளர் கூட்டத்தையே ரத்து செய்தது. ஆனால் மே மாதக் கடைசிவரை எச்டி டிவிடியும் வெளியிடுவோம் என்று வார்னர் சொல்லியிருந்தது. அதனால் அந்த வசந்த காலத்தில், செத்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்த ஒரு வடிவத்தில் டிஸ்குகள் வந்துகொண்டிருந்தன.

அவற்றை எப்படி எழுதுவது என்று எங்களுக்குள் பெரிய விவாதம். பயன் இல்லை, விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். நான் எழுதினேன். முந்தைய நவம்பரில்தான் வால்மார்ட்டில் 98.87 டாலருக்கு டோஷிபா பிளேயர் விற்றது. கூட்டம் கூட்டமாக வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் குடும்பங்கள் பிப்ரவரியில் பிளேயரைத் தூக்கி எறியவில்லை. கடைகள் எச்டி டிவிடிகளைக் கழிவு விலைக்குத் தள்ளியபோது, எதை வாங்கலாம் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. போகிற வடிவத்தை வைத்திருக்கிறவரும் வாசகர்தான்.

4கே டிஸ்க் வந்தபோதும் இதே கதைதானா?

சண்டை இல்லை, குழப்பம் மட்டும் கொஞ்சம். 2016-இல் வந்த 4கே ப்ளூ-ரேக்கு எதிர் வடிவம் கிடையாது, பிராந்தியக் குறியீடும் கிடையாது. பழைய தவறு மட்டும் புது உருவில் திரும்பியது. 4கே பெட்டிக்குள் பெரும்பாலும் சாதாரண ப்ளூ-ரேயும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சிலர் 4கே பற்றி எழுதினார்கள். எச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) வெளிச்சத்தைச் சாதாரண டிஸ்கிலிருந்து ஊகிக்கவே முடியாது.

இப்போது டிஸ்குக்குப் பதில் இணையத்தில் பார்க்க ஒரு குறியீட்டு எண்ணை அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. படத்துக்கு விமர்சனம் எழுத அது போதும், டிஸ்குக்கு எழுத உதவாது. இணையத்தில் வரும் படத்தின் பிட்ரேட் (நொடிக்கு வரும் தரவின் அளவு) வேறு, ஒலி வேறு.

பெட்டி நிறையப் பழைய எச்டி டிவிடி பிரதிகள் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

முதலில் ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள், கடைசிக் காட்சிவரை. தொடக்கம் மட்டும் ஓடுவதை வைத்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். இந்த டிஸ்குகளின் முதல் அடுக்கு நடுவிலிருந்து விளிம்புக்குப் படிக்கப்படுகிறது, சிதைவு பின்னால் வரும் பகுதியில் மட்டும் இருக்கலாம். வார்னரின் எச்டி டிவிடிகள் பல ஓடாமல் போயிருப்பதைச் சேகரிப்பாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2006 முதல் 2008 வரை அச்சான தன் டிவிடிகள் சில கெட்டுப்போவதை 2025-இல் வார்னரே ஒப்புக்கொண்டு, மாற்றித் தர முன்வந்தது.

என் பெட்டியில் 40-க்கு மேல் இருந்தன. போன வருடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓட்டினேன். ஏழு டிஸ்குகள் பாதிக்கு மேல் நகரவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கீறல் ஒன்றும் இல்லை, வெள்ளி அப்படியே பளபளக்கிறது. அந்த ஏழில் இரண்டுக்கு நான் எழுதிய விமர்சனங்களும், அவற்றின் வளைய எண்களும் நோட்டில் இருக்கின்றன. உங்களிடம் இருப்பவற்றின் எண்களையும் எழுதி வையுங்கள். எந்த அச்சு பிழைத்தது, எந்த அச்சு போனது என்று ஒப்பிட அது வேண்டும்.